நேர்முகத் தேர்வு: தோற்றது யார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக ஒலிவாங்கியை மற்றவர்கள் பக்கம் நீட்டுவதுதான் என் வேலை. இன்று அதை என் கையிலேயே கொடுத்து, பேசு என்று சொல்லிவிட்டார்கள். கொடுத்திருக்கும் தலைப்பு, 'நம் பிள்ளைகள் நேர்முகத் தேர்வில் தோற்கிறார்களா, தோற்கடிக்கப்படுகிறார்களா?' என்பது. எனக்கு முன் பேசிய இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். நான் ஒரு நடந்த கதையைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

கதைக்கு முன்னால் ஊரைச் சொல்ல வேண்டும். நெகிரி செம்பிலான், போர்ட்டிக்சன் மாவட்டத்தில் இருக்கிறது புக்கிட் பெலண்டோக். பெலண்டோக் என்றால் சருகுமான். மலாய்க் கதைகளில் புலியையும் முதலையையும் புத்தியால் ஏமாற்றித் தப்பிக்குமே, அந்தச் சின்ன மான்தான். பெயர் அழகான பெயர். ஆனால் அந்தப் பெயரைச் சொன்னால் இந்த நாட்டில் பலருக்கு ஞாபகம் வருவது மான் இல்லை, நிப்பா கிருமி.

நோய் ஒன்று, மருந்து வேறு

1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பேராக்கில் ஈப்போ பக்கம் தொடங்கிய நோய், நெகிரி செம்பிலானுக்கு வந்து, 1999இன் தொடக்கத்தில் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தைப் பிடித்து உலுக்கியது. காய்ச்சல், தலைவலி, மயக்கம், பிறகு மூளை வீக்கம். நாடு முழுவதும் 265 பேர் பாதிக்கப்பட்டார்கள். 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொல்லப்பட்டன. பண்ணை முதலாளிகளான சீனர்கள் மட்டும் அல்ல, அந்தப் பண்ணைகளில் கூலி வேலை செய்த நம்மவர்களும் பாதிக்கப்பட்டார்கள். அப்போது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசியது மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தொடக்கத்தில் இது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் நோயில் விழுந்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத்தான் தாக்கும். இதுவோ பன்றியோடு நெருங்கி வேலை செய்த பெரியவர்களைத் தாக்கியது. கணக்கு எங்கேயோ இடித்தது. 1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் இது ஒரு புதிய கிருமி என்று கண்டார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நோய் என்ன என்று சரியாகத் தெரிந்த பிறகுதான் சரியான நடவடிக்கை வந்தது.

இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நோய் ஒன்றாக இருக்க, மருந்து வேறொன்றாக இருந்தால் குணமாகாது. நம் பிள்ளைகளின் வேலைப் பிரச்சினையிலும் நாம் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோமோ என்பது என் சந்தேகம்.

பன்னிரண்டே முக்காலுக்கு வந்த அழைப்பு

என் சித்தி மகன் அந்த வட்டாரத்துத் தோட்டத்துப் பையன். சித்தப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். நீளக் கம்பு அரிவாளைத் தூக்கித் தூக்கித் தோள் ஒரு பக்கம் இறங்கிப் போனவர். தம்பி கணினி வலையமைப்புத் துறையில் டிப்ளோமா முடித்தான். அதோடு நிற்காமல் சிஸ்கோ நிறுவனத்தின் சி.சி.என்.ஏ. சான்றிதழுக்கும் படித்தான். அந்தத் தேர்வுக்குக் கட்டணம் 300 அமெரிக்க டாலர். நம் காசுக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல். சித்தியின் தாலிக்கொடி தவிர மற்ற நகை அடகுக் கடைக்குப் போய் அந்தப் பணம் வந்தது. முதல் முறையிலேயே தேறினான்.

2025ஆம் ஆண்டு நடுவில், சைபர்ஜெயாவில் ஒரு நிறுவனம் அவனை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் சண்டைக்கு வரவில்லை, சங்கதி சொல்ல வந்திருக்கிறேன். வேலை, வலையமைப்புப் பொறியாளர். விளம்பரத்தில் கேட்டது டிப்ளோமா, சி.சி.என்.ஏ., ஆங்கிலம், மலாய். நான்கும் அவனிடம் இருந்தன.

காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு மோட்டாரில் கிளம்பி, எட்டரைக்கே போய், பெட்ரோல் நிலையத்துக் கழிப்பறையில் சட்டை மாற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தான். கூப்பிட்டது பன்னிரண்டே முக்காலுக்கு. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. உள்ளே மூன்று பேர். ஒருவர் கைப்பேசியில் இருந்தார். ஒருவர் அவனுடைய விண்ணப்பத்தை அப்போதுதான் முதல் முறையாகப் புரட்டினார்.

முதல் கேள்வி என்ன தெரியுமா? "புக்கிட் பெலண்டோக்கா? அந்தப் பன்றிக் கிருமி ஊரா? உனக்கு ஒன்றும் இல்லையே?" கேட்டுவிட்டு மூவரும் சிரித்தார்கள். அந்த நோய் ஓய்ந்த பிறகு பிறந்த பிள்ளை அவன். அவனும் மரியாதைக்காகச் சிரித்து வைத்தான். "அக்கா, அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் வலிக்குது"ன்னு பிறகு என்னிடம் சொன்னான்.

இரண்டாவது கேள்வி, அப்பா என்ன வேலை. சொன்னான். "அப்படியென்றால் உனக்கு வெயிலில் நின்று கேபிள் இழுக்கப் பழக்கம் இருக்கும்" என்றார் ஒருவர். கேபிள் இழுப்பது கேவலம் இல்லை. எந்த வலையமைப்பும் யாரோ ஒருவர் இழுத்த கேபிளில்தான் ஓடுகிறது. ஆனால் விண்ணப்பித்த வேலை அது இல்லை.

64 என்றார்கள், 62 என்றான்

அதற்குப் பிறகுதான் தொழில் பற்றிய கேள்வி வந்தது. கேட்டவர் கையில் விடைத்தாள் இருந்தது. "255.255.255.192 என்ற சப்நெட் மாஸ்க் போட்டால், ஒரு சப்நெட்டில் எத்தனை கணினிகளுக்கு முகவரி கொடுக்கலாம்?" என்று கேட்டார்.

நேயர்களுக்கு இதைத் தோட்டத்துக் கணக்கில் சொல்கிறேன். ஒரு லயம். அதில் வரிசையாக 64 கதவு எண்கள் இருக்கின்றன. ஆனால் முதல் எண் அந்த லயத்துக்கே உரிய பெயர். அதை ஒரு வீட்டுக்குக் கொடுக்க முடியாது. கடைசி எண் பொது அறிவிப்புக்கு. அந்த எண்ணைக் கூப்பிட்டால் லயத்தில் உள்ள எல்லா வீட்டுக்கும் கேட்கும். அதையும் ஒரு வீட்டுக்குக் கொடுக்க முடியாது. ஆகவே குடியிருக்கக் கூடியவை 62 வீடுகள்தான். கணினி வலையமைப்பிலும் இதே கணக்குதான். மொத்த முகவரிகள் 64, கணினிகளுக்குக் கொடுக்கக் கூடியவை 62.

தம்பி 62 என்றான். அவர் விடைத்தாளைப் பார்த்து, "தவறு, 64" என்றார். தம்பி விளக்க வாயெடுத்தான். "எனக்குப் பாடம் நடத்தாதே" என்று அவர் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டார். அதற்கு மேல் தொழில் கேள்வியே இல்லை.

பிறகு மேண்டரின் தெரியுமா என்று கேட்டார்கள். விளம்பரத்தில் அது இல்லை. தெரியாது என்றான். கடைசியில் சம்பளம். ஆறு மாதம் பயிற்சிக் காலம், மாதம் 1,200 வெள்ளி. இரண்டு ஆண்டு ஒப்பந்தம். நடுவில் போனால் 20,000 வெள்ளி கட்ட வேண்டும். அசல் சான்றிதழ்களை அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். அந்த நேரத்தில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாகிவிட்டது. 2025 பிப்ரவரி முதல் தேதியில், ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களுக்கு அது அமலுக்கு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றான். "யோசிக்கிறவன் எங்களுக்குத் தேவையில்லை" என்று பதில் வந்தது. இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவன் சான்றிதழ்களை அலமாரிக்கு மேல் வைத்தான். மறு வாரம் குலை ஏற்றும் லாரியில் ஏறிவிட்டான். இரண்டு மாதம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. வலையமைப்பு என்ற வார்த்தையே வீட்டில் வரக் கூடாது. சித்தப்பா என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏம்மா, நீ டிவியில பேசுற பொண்ணு. நம்ம பையனுக்குப் பேசத் தெரியலையோ?"

பாருங்கள், நடந்ததை எல்லாம் கேட்ட பிறகும், பெற்ற தகப்பனுக்குத் தோன்றியது என் பிள்ளைக்குத்தான் ஏதோ குறை என்பது. இதைத்தான் தப்பான நோய்க் கணிப்பு என்கிறேன். கொசுவுக்குப் புகை அடிக்கும் வேலை இது.

சட்டம் எந்த வாசல் வரை வரும்?

நமது கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பாலினம் என்ற சொல் 2001இல் சேர்க்கப்பட்டது. 'பிறந்த இடம்' என்ற சொல் அதில் இருப்பதைக் கவனியுங்கள். ஆனால் இந்தப் பாதுகாப்பு அரசாங்கத்தின் செயலுக்கு எதிரானது. தனியார் முதலாளிக்கு எதிராக அதைக் கொண்டு வழக்காட முடியாது என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கர்ப்பம் காரணமாக வேலை இழந்த விமானப் பணிப்பெண் ஒருவர் தொடுத்த வழக்கு அது.

2023 ஜனவரி முதல் தேதியில் திருத்தப்பட்ட வேலைச் சட்டம் அமலுக்கு வந்தது. வேலையில் பாகுபாடு பற்றிய பிணக்கைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம் என்று அதில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல முன்னேற்றம். ஆனால் அந்தச் சட்டம் பேசுவது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான பிணக்கு. வேலை கிடைக்காமல் வாசலில் நிற்கிறவன் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! அவனுக்கு வெளிவாசலில் சட்டத்தின் நிழல் மெலிந்துதான் விழுகிறது.

பாகுபாடு என்பது வெறும் புலம்பல் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. லீ ஹுவோக் ஆன், முகமட் அப்துல் காலிட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், கற்பனையான பட்டதாரிகளின் பெயரில் உண்மையான தனியார் வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். சமமான தகுதி இருந்தும், சீனப் பெயர்களுக்கு வந்த அழைப்பு மலாய்ப் பெயர்களைவிட மிக அதிகம். இந்தியப் பெயர்களை அவர்கள் அதில் சேர்க்கவில்லை. ஆனாலும் பெயரைப் பார்த்தே கதவு திறக்கிறது, மூடுகிறது என்பது அதில் தெரிகிறது. ஊர்ப் பெயருக்கும் அதே கதி வரலாம் என்பதற்கு என் தம்பி சாட்சி. நம்மவர் நடத்தும் கம்பெனிகளும் இதில் ஆசாரம் பார்க்காமல் இல்லை. அதையும் நேர்மையாக ஒப்புக்கொள்வோம்.

நாம் செய்ய வேண்டியது

அதற்காக நம் பிள்ளைகளுக்குப் பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் குறைக்கு எந்த மருந்து என்று பிரித்துப் பார்ப்போம் என்கிறேன்.

தம்பி தங்கைகளே, ஒரு நேர்முகத் தேர்வு முடிந்து வந்ததும் அன்றைக்கே ஒரு தாளில் மூன்று பகுதி எழுதுங்கள். முதல் பகுதியில், எனக்குத் தெரியாமல் போனது. இரண்டாவதில், எனக்குத் தெரிந்தும் சொல்ல வராமல் போனது. மூன்றாவதில், அவர்கள் செய்தது. முதல் பகுதிக்கு மருந்து படிப்பு. வீட்டில் கருவி வாங்க வசதி இல்லையா? சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருள் இலவசம். சுவிட்ச், ரூட்டர் எல்லாம் திரையிலேயே இணைத்துப் பழகலாம். இரண்டாவது பகுதிக்கு மருந்து பேச்சுப் பழக்கம். மூன்றாவது பகுதிக்கு மருந்து உங்களிடம் இல்லை. அதை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி கேட்பவரே தவறாகச் சொன்னால் என்ன செய்வது? "சார், மொத்த முகவரிகளைக் கேட்டால் 64, கணினிகளுக்குக் கொடுக்கக் கூடியதைக் கேட்டால் 62" என்று இரண்டையும் சொல்லி, ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அவரும் முகம் கோணாமல் தப்பிப்பார், உங்கள் விடையும் நிற்கும். அப்படியும் கேட்காதவரிடம் வேலை செய்தால் நாளைக்கு என்ன ஆகும் என்பதையும் அந்த இருபது நிமிடத்திலேயே நீங்கள் தெரிந்துகொண்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வு ஒரு பக்கத் தேர்வு அல்ல. அவர்கள் உங்களை எடை போடுகிறார்கள், நீங்களும் அவர்களை எடை போடலாம்.

அசல் சான்றிதழைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. பயிற்சிக்குப் பணம் கட்டினால்தான் வேலை என்றால், எழுந்து வந்துவிட வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளை திரும்பி வந்ததும் "கிடைச்சதா?" என்று கேட்காதீர்கள். "என்ன கேட்டாங்க, எப்படி நடந்துகிட்டாங்க?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு இல்லை என்ற ஒற்றைச் சொல்தான் வரும். இரண்டாவது கேள்விக்கு முழுக் கதையும் வரும். கதை வந்தால் பாரம் இறங்கும்.

ஆலய நிர்வாகத்தினரே, பழைய மாணவர் சங்கத்தினரே, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் திறந்துவிடுங்கள். வேலையில் இருக்கும் நம்மவர் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்காரட்டும். பிள்ளைகள் எதிரில் உட்காரட்டும். ஆங்கிலத்தில் கேளுங்கள், மலாயில் கேளுங்கள், கோபமாகவும் கேளுங்கள். முதல் நடுக்கம் நம் மண்டபத்தில் வந்து போகட்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு பானை தேநீர்.

ஒரு மேசை, இரண்டு கணினிகள்

தம்பி என்ன ஆனான் என்று கேட்பீர்கள். இரண்டு மாதம் கழித்து, சிரம்பான் பக்கம் ஒரு சிறிய நிறுவனத்துக்கு நானே பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினேன். அங்கே கேள்வி கேட்டவர் ஒரே ஒருவர், நடுத்தர வயது. ஊரைக் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்கவில்லை. மேசை மேல் ஒரு சுவிட்ச், இரண்டு கணினிகள். "இரண்டும் ஒரே சுவிட்சில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றோடு ஒன்று பேசவில்லை. காரணம் கண்டுபிடி. அவசரம் இல்லை, நான் காப்பி வாங்கி வருகிறேன்" என்று எழுந்து போய்விட்டார்.

தம்பி கேபிளைச் சோதித்தான், நன்றாக இருந்தது. விளக்கு எரிந்தது. முகவரிகளைப் பார்த்தான். ஒன்று 192.168.1.20, மற்றது 192.168.1.70. மாஸ்க் அதே 255.255.255.192. உடனே பிடித்துவிட்டான். இருபது எண் வீடு முதல் லயம், எழுபது எண் வீடு அடுத்த லயம். நடுவில் வழி காட்ட ரூட்டர் இல்லாமல் எப்படிப் பேசும்? எழுபதை ஐம்பது ஆக்கினான். இரண்டும் பேசிவிட்டன. காப்பியோடு வந்தவர் திரையைப் பார்த்தார், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார், அவன் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை வேலை. சம்பளம் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். ராத்திரி ஷிப்டும் உண்டு. ஆனால் அடகு நகை மீட்டாகிவிட்டது.

அதே பையன், அதே படிப்பு, அதே சப்நெட் கணக்கு. ஓர் அறையில் தோற்றவன், இன்னோர் அறையில் ஜெயித்தான். நடுவில் அவன் புதிதாக எதுவும் படிக்கவில்லை, குலைதான் ஏற்றினான். அப்படியென்றால் முதல் அறையில் தோற்றது யார்?

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் சொன்ன சைபர்ஜெயாவும், பக்கத்தில் இருக்கும் புத்ராஜெயாவும் எழும்பிய மண்ணில் ஒரு காலத்தில் இருந்தவை பெராங் பெசார் போன்ற தோட்டங்கள். நம் தாத்தா பாட்டிகள் பால் மரம் வெட்டிய மண் அது. நகரம் வந்தபோது அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் பக்கம் அடுக்குவீடுகளுக்குப் போனார்கள். அந்த மண்ணில் நிற்கும் கட்டடத்துக்கு ஒரு தோட்டத்துப் பிள்ளை தகுதியோடு விண்ணப்பம் எடுத்துக்கொண்டு போகிறான். யாரிடமும் சலுகை கேட்டுப் போகவில்லை. சொன்ன நேரத்தில் கூப்பிடுங்கள், விளம்பரத்தில் எழுதியதையே கேளுங்கள், சரியான விடையைச் சரி என்று சொல்லுங்கள். இந்த மூன்றையும் கேட்கும் உரிமை அவனுக்கு இருக்கிறது. கேட்கும் தைரியத்தைக் கொடுக்க வேண்டியது நாம்.